பத்தடிச் சந்தில் ஒரு பச்சைக் கேரவன்

"ஷூவைப் போட்டுட்டு வா. பின்னாடி நின்னு லைட்டு எரியுதான்னு சொல்ல ஒரு ஆள் வேணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கதவைத் தட்டி தெல்மா சொன்னது இவ்வளவுதான்.

"எந்த லைட்டு?"

"கேரவன் லைட்டு."

"எந்தக் கேரவன்?"

"வாங்கப் போற கேரவன். நீ இப்படிக் கேள்வி கேட்டுக்கிட்டே நில்லு, அதுக்குள்ள வேற எவனாவது கட்டி இழுத்துட்டுப் போயிருவான்."

ஹல் நகரத்தில் இருபத்துமூன்று வருடம் பஸ் ஓட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவன் நான். தூத்துக்குடி அருளப்பன் என்ற பெயர் இந்தத் தெருவில் யார் வாயிலும் நுழையாமல் ஆர்லோ ஆகிவிட்டது. தெல்மா வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். அவள் கணவன் நார்மன் இருமுவதும், டிவி போடுவதும், கெட்டவார்த்தை பேசுவதும் அந்தச் சுவர் வழியாக எனக்கு வந்துவிடும்.

நார்மன் ஹெசில் ரோட்டு மீனவக் குடும்பத்துப் பிள்ளை. பதினாறு வயதில் கப்பலேறி ஐஸ்லாந்துப் பக்கம் முப்பது வயது வரை வலை இழுத்தான். மீன்பிடித் தொழில் படுத்ததும் பாதித் தெரு போன இடத்துக்கே அவனும் போனான், கேரவன் செய்கிற ஃபேக்டரிக்கு. தெல்மா அதற்கு முன்பே அங்கே தையல் பிரிவில் இருந்தாள். முப்பத்தோரு வருடம் மெத்தை உறையும் திரைச்சீலையும் தைத்தாள். அவன் சுவர்ப்பலகை பொருத்தினான். ஊரான் லீவுக்குப் போக இவர்கள் இரண்டு பேர் கையால் எத்தனை ஆயிரம் வண்டி வெளியே போனதோ, வீட்டு வாசலுக்கு ஒன்று வந்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நார்மனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போய், பேச்சும் போய்விட்டது. "ஆமா", "இல்ல", "தெல்" என்று சில வார்த்தைகள்தான் திரும்பி வந்தன. கெட்டவார்த்தை மட்டும் ஒன்று விடாமல் வந்துவிட்டது. டாக்டர் அதற்கு ஏதோ காரணம் சொன்னார். மீன்பிடிக் கப்பலில் எது ஆழமாகப் பதிந்ததோ அதுதான் நிற்கும் என்று தெல்மா சொன்னாள்.

கொஞ்சம் நடக்க ஆரம்பித்ததும் அவனை ஹார்ன்ஸீ கடற்கரைக்குக் கூட்டிப் போனாள். டீக்கடையில் கழிப்பறை மாடியில் இருந்தது. நாலாவது படியிலேயே பேன்ட் நனைந்துவிட்டது. பரிமாறுகிற பெண் துடைப்பத்தோடு வந்து, "பரவாயில்ல தாத்தா, யாருக்கும் நடக்கிறதுதான்" என்று அன்பாகத்தான் சொன்னாள். அந்த அன்பைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அன்றைக்கு வீட்டுக்குள் போனவன், ஆஸ்பத்திரி தவிர வேறு எதற்கும் வாசற்படி தாண்டவில்லை.

மகள் லொரெய்ன் ஒரு வழி கண்டுபிடித்தாள். வயதானவர்களுக்கென்று கட்டிய குடியிருப்பில் ஒரு கீழ்வீடு. கயிற்றை இழுத்தால் மணியடித்து யாராவது ஓடிவருவார்கள். கார் நிறுத்த இடமில்லை, பின்கட்டில்லை, இந்த வீட்டை விட்டுவிட வேண்டும். கையெழுத்துப் போடவேண்டிய தாள் தெல்மா வீட்டு அடுக்களைக் கடிகாரத்துக்குப் பின்னால் செருகியிருந்தது. மே மாதக் கடைசிக்குள் கொடுத்தாக வேண்டும்.

காரில் போகும்போது தெல்மா சொன்னாள்: "வண்டிக்குள்ளேயே கக்கூஸ் இருக்கு, ஆர்லோ. சின்ன அலமாரி மாதிரி. படுக்கையிலேர்ந்து ரெண்டு எட்டு. மாடியும் இல்ல படியும் இல்ல, தொடைக்க வர்றவளும் இல்ல. லொரெய்ன்கிட்ட இப்படிச் சொல்லிட்டேன்: இந்த மாசத்துக்குள்ள உங்கப்பன் அதுல ஏறி ஹார்ன்ஸீ வந்தான்னா அந்தத் தாளைக் கிழிச்சுருவேன். வரலைன்னா கையெழுத்துப் போட்டுருவேன்."

"கையெழுத்துப் போட்டா?"

"போட்டா என்ன? கயித்தப் பிடிச்சு இழுத்துக்கிட்டு உக்காந்திருப்போம், ரெண்டு பேரும்."

விற்கிறவர் ஆம்ப்ளர் என்பவர், ட்ரிஃபீல்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தார். நம் ஊரில் கேரவன் என்றால் சினிமா நட்சத்திரம் மேக்கப் போடுகிற வண்டி. இது காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற குட்டி வீடு. பழைய காலத்து வடிவத்தில் புதிதாகச் செய்தது, ஏழெட்டு வயதுதான் இருக்கும். உருண்ட தோள், வெள்ளைக் கரை போட்ட டயர், கட்டம் போட்ட திரைச்சீலை. மேல்பாதி பாலாடை நிறம். கீழ்ப்பாதி பச்சை, நல்ல இலைப்பச்சை.

ஆம்ப்ளர் என்னைப் பார்த்தே பேசினார். "மூணே தடவைதான் வெளியே போயிருக்கு சார். ஒரு பொட்டு ஈரம் கிடையாது. நீங்களே பாருங்க சார்."

"அவருகிட்ட ஏன் சொல்றீங்க? அவரு லைட்டுக்கு வந்தவரு" என்றாள் தெல்மா.

அவள் வண்டியைச் சோதித்ததைப் பார்த்திருக்க வேண்டும். மெத்தையைத் தூக்கினாள். பெட்டிகளைத் திறந்து தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தாள். திரைச்சீலையின் தையலைப் புரட்டி, "உள்துணி வைக்காம தச்சிருக்கான் சோம்பேறி" என்றாள். பிறகு கட்டைவிரலால் சுவரை ஒவ்வொரு சாணாக அழுத்திக்கொண்டே வந்தாள். முன்ஜன்னலுக்குக் கீழே இடதுமூலையில் விரல் நின்றது.

"இங்க வாங்க. இந்த இடத்தை அமுக்குங்க."

ஆம்ப்ளர் அழுத்தினார். பிசைந்த மாவு மாதிரி உள்ளே போனது.

"ஒரு பொட்டு ஈரம் கிடையாதா?"

"அது... சின்ன விஷயம்மா. கடையில குடுத்தா..."

"கடையில எதுக்குக் குடுக்கணும்? இந்த மாதிரி வண்டி எத்தனை செஞ்சிருக்கேன் நான். ஈரத்துக்கான விலையைக் கழிச்சுட்டுச் சொல்லுங்க."

கழித்துச் சொன்னார். அவள் இன்னும் கழித்தாள். கடைசியில் ஆம்ப்ளர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். எனக்கு லைட்டு வேலை மட்டும்தான்.

இடது, வலது, பிரேக் எல்லாம் எரிந்தன. கிளம்புவதற்கு முன் எனக்கு மனசு கேட்கவில்லை.

"பச்சையா இருக்கே, தெல்மா."

"எனக்குக் கண்ணு தெரியுது."

 ஹெசில் ரோட்டு மீனவ வீடுகளில் பச்சை நிறம் அபசகுனம், உள்ளே நுழையாது. பச்சை ஸ்வெட்டர் கிடையாது, பச்சைக் கோப்பை கிடையாது. கப்பல் கிளம்புகிற நாளில் பெண்கள் துணி துவைக்க மாட்டார்கள், துவைத்தால் ஆளையும் சேர்த்துக் கடலில் துவைத்து அனுப்பியதாக அர்த்தம். கிளம்புகிறவனுக்குக் கையசைக்கவும் மாட்டார்கள். எங்கள் ஊரிலும் கடலுக்குப் போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிட மாட்டோம், ஆகையால் எனக்கு இது ஒன்றும் அதிசயமில்லை. கப்பல்கள் போய் நாற்பது வருடமாகியும் நார்மன் பச்சைப் பட்டாணிதான் பச்சையில் தொடுவான், அதுவும் மீன் வறுவலோடு இருந்தால்.

எங்கள் வீடுகளுக்குப் பின்னால் பத்தடி அகலத்தில் ஒரு சந்து ஓடுகிறது. அதற்குப் பெயரே பத்தடிதான். அதில் பின்பக்கமாக வண்டியை விட்டுத்தான் தெல்மா வீட்டுப் பின்கட்டுக்குப் போக முடியும். கேரவனைப் பின்னுக்குத் தள்ள ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். கொஞ்சம் தப்பினால் நடுவில் மடங்கிக்கொள்ளும்.

"நான் விடட்டுமா? இருபத்துமூணு வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன்."

"பஸ்ஸு நடுவுல மடங்குமா?"

"மடங்காது."

"அப்ப ஓரமா நில்லு."

பதினோரு தடவை மடங்கியது. ஆளாளுக்குப் பின்கதவைத் திறந்துகொண்டு வந்து நின்று வழி சொன்னார்கள். பன்னிரண்டாவது தடவை, ஒரு குப்பைத்தொட்டியைக் கவிழ்த்துவிட்டு, வண்டி நேராக உள்ளே போனது. தெல்மா இறங்கி, "கை தட்டுறவங்க தட்டலாம்" என்றாள்.

எதிர்வீட்டு ஈனிட் மட்டும் தட்டவில்லை. எண்பத்தொரு வயது, கப்பல்காரன் விதவை. ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே வண்டியைப் பார்த்தாள்.

"பச்சை" என்றாள்.

"ஆமா ஈனிட்."

"நார்மன் ஏற மாட்டான்."

எல்லோரும் மேலே பார்த்தோம். பின்பக்க ஜன்னலில் நார்மன் நின்றிருந்தான். வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு இடதுகையால் திரையை இழுத்து மூடிவிட்டான்.

அதற்கப்புறம் மூன்று வாரம் தெல்மா பத்தடியில்தான் குடியிருந்தாள். ஓரப்பட்டையின் திருகாணிகளைக் கழற்றி, செத்துப்போன பழைய பசையைச் சமையல் கத்தியால் சுரண்டி எடுத்தாள். ஊறிப்போன பலகையை அறுத்துத் தள்ளிவிட்டு, உள்ளே சின்ன ஹீட்டர் வைத்து நாலு நாள் காயவிட்டாள். புதுக்கட்டை, புதுப்பலகை, புதுப்பசை. ஹம்பர் ஆற்றிலிருந்து மூட்டம் ஏறி வந்தால் ஒரு கான்வாஸை இழுத்துப் போர்த்திவிட்டு உள்ளே உட்கார்ந்து திரைச்சீலைக்கு உள்துணி தைப்பாள். மத்தியானம் நான் முக்குக் கடையில் போய்ப் பேட்டி என்கிற பலகாரம் வாங்கி வருவேன். மசித்த கிழங்கை மாவில் தோய்த்துப் பொரித்து, வட்ட ரொட்டிக்குள் வைத்து, மேலே சிவப்பாக ஒரு பொடி தூவித் தருவார்கள். நம் மிளகாய்ப்பொடியின் சாதுவான தம்பி அது. ஒரு பேட்டியை அவள் தட்டில் வைத்து மாடிக்கு எடுத்துப் போவாள். தட்டு காலியாக வரும், ஆள் வரமாட்டான்.

"என்ன சொல்றாரு?"

"என்ன சொல்வான்? 'இல்ல'ங்கறான். நடுவுல ரெண்டு கெட்டவார்த்தை போட்டுக்கறான்."

இரண்டாவது வாரம் லொரெய்ன் வந்தாள். கெட்டவள் இல்லை, பயந்தவள். வாரத்தில் ஆறு நாள் வேலை, ஏழாவது நாள் இங்கே.

"அம்மா, ரெண்டு டப்பா பெயின்ட். அவ்வளவுதான். என் கூட வேலை செய்றவன் சும்மாவே அடிச்சுக் குடுக்கறேங்கறான். நீலம் அடிச்சுடு. அப்பா ஏறிடுவாரு, எல்லாம் முடிஞ்சுது."

"மாட்டேன்."

"ஏம்மா இவ்வளவு பிடிவாதம்? உனக்கு அப்பா வெளிய வரணுமா, இல்ல நீ ஜெயிக்கணுமா?"

நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "நீலம் நல்லாத்தான் இருக்கும், தெல்மா" என்றேன்.

தெல்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"உங்க பாட்டி அம்பத்தொம்பதாம் வருஷம் கப்பல் கிளம்புன அன்னைக்கு ஒரு படுக்கை விரிப்பைத் துவைச்சா. ஒரே ஒரு விரிப்பு. கப்பல் திரும்பி வரல. இருபது பேரு, அதுல எங்கப்பாவும் ஒருத்தரு. அதுக்கப்புறம் இந்தத் தெருவுல ஒருத்தி அவகிட்ட பேசல. கடையில நின்னா ஒதுங்குவாளுங்க. இருபத்தாறு வருஷம். சாகும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'நான்தான் அவரை அனுப்பிட்டேன்'னு சொல்லிட்டுச் செத்தா. பச்சைன்னா ஆகாது, பெயின்ட் அடின்னு சொல்ற. இதுக்கு நான் பெயின்ட் அடிச்சேன்னா, ஆமாம்மா, நீதான் கொன்னேன்னு நானே சொன்ன மாதிரி. அடிக்க மாட்டேன். உங்கப்பன் இந்தப் பச்சையில ஏறணும். இல்லன்னா அந்தக் கயித்த இழுத்துக்கிட்டு உக்காரட்டும்."

லொரெய்ன் அழுதுகொண்டே போனாள். எனக்கும் என்னவோபோல் இருந்தது. லொரெய்ன் பக்கமும் நியாயம்தான், ஆனால் நீலம் என்று சொன்ன என் நாக்கை நானே கடித்துக்கொள்ளலாம்போல வந்தது.

மே இருபத்தெட்டு, சனிக்கிழமை. ஹார்ன்ஸீயில் கடலைப் பார்த்த ஒரு வயலில் இரண்டு ராத்திரிக்கு இடம் சொல்லியிருந்தாள். காலை ஏழு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. முதலில் எனக்குப் பிடிபடவில்லை. பிறகு புரிந்ததும் டீயை வைத்துவிட்டு எழுந்தேன். வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

நான் பத்தடிக்கு வந்தபோது காரில் கொக்கி மாட்டி வண்டி சந்து வாசலைப் பார்த்து நின்றிருந்தது. லொரெய்ன் கையைக் கட்டிக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நின்றாள். தெல்மா ஒரு வெள்ளை விரிப்பைக் கூடையிலிருந்து எடுத்து உதறினாள். தெல்மா வீட்டுச் சுவர்க் கொக்கியிலிருந்து ஈனிட் வீட்டுச் சுவர்க் கொக்கிக்கு, வண்டிக்குப் பின்னால், சந்தின் குறுக்கே ஒரு கொடி உண்டு. இரண்டு வீட்டுக்கும் பொது. அதில் விரிப்பைப் போட்டு கிளிப் மாட்டினாள்.

ஈனிட் செருப்பில்லாமல் ஓடிவந்தாள்.

"தெல்மா! இன்னைக்கா? ஆம்பள கிளம்புற நாள்லயா?"

"இன்னைக்குத்தான் ஈனிட்."

"எடு அதை. எடுங்கறேன்ல. உங்கம்மா பண்ணினது போதாதா?"

 தெல்மா அடுத்த கிளிப்பையும் மாட்டிவிட்டுத் திரும்பினாள்.

"எங்கம்மா என்ன பண்ணினா?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்."

"ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். எனக்கு அப்ப எட்டு வயசு. அப்பா போறாருன்னு அழுதுக்கிட்டே தூங்கினேன், படுக்கையை நனைச்சுட்டேன். எங்க வீட்டுல ரெண்டாவது விரிப்பு கிடையாது. அதனால துவைச்சா. ஏன் துவைச்சேன்னு நீங்கள்லாம் வாசல்ல வந்து நின்னு கேட்டீங்க. எம்மவ நனைச்சுட்டான்னு ஒரு வார்த்தை சொன்னாளா? சொன்னா தெரு என்னைப் பிடிச்சுக்கும்னு தெரியும். செத்துப்போற வரைக்கும் வாயைத் திறக்கல. நீங்க அவளைப் பார்த்து எதிர்ச்சாரிக்குப் போனீங்களே ஈனிட், நான் அவ கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னேன்."

ஈனிட் கொடியில் தொங்கிய விரிப்பைப் பார்த்தாள்.

"ஒரு பிள்ளை நனைச்ச துணி. அது இருபது பேரைக் கொல்லுமா? நனைஞ்ச துணி யாரையும் கொல்லாது. துவைச்சுக் காயப்போட்டாப் போச்சு."

"ஐஸ்."

அந்தக் குரல் பின்கட்டு வாசலிலிருந்து வந்தது. நார்மன் நின்றிருந்தான். பைஜாமாவுக்கு மேல் கோட்டுப் போட்டு, நடைச்சட்டத்தை இடதுகையால் பிடித்துக்கொண்டு, ஹார்ன்ஸீ போய்வந்த பிறகு முதல்தடவையாகத் தானாகவே வாசற்படிக்கு வெளியே. எப்போது வந்தான் என்று யாருக்கும் தெரியவில்லை.

"ஐஸ்" என்றான் மறுபடியும், ஈனிட்டைப் பார்த்து. இடதுகையைத் தூக்கி, கோடரியால் வெட்டுவதுபோல் மேலிருந்து கீழே இறக்கினான். மூன்று தடவை. கயிற்றிலும் கம்பத்திலும் பனி உறைந்து கனமேறி, கப்பல் தலைகுப்புறக் கவிழாமலிருக்க இரவு பகலாக வெட்டிய கை அது. "துணி... இல்ல. ஐஸ்." பிறகு, கப்பல் முதலாளிகளைப் பற்றி அச்சில் ஏற்ற முடியாத இரண்டு வார்த்தைகளை மிகத் தெளிவாகச் சொன்னான்.

அப்புறம் நடந்தான். லொரெய்ன் ஓடிப்போய்த் தாங்கப் பார்த்தாள். "இல்ல" என்றான். கேரவன் வாசலில் நின்று அந்தப் பச்சையில் உள்ளங்கையை வைத்தான். சூடா குளிரா என்று பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் வைத்திருந்தான்.  இடதுகாலை வைத்து ஏறினான்.

உள்ளே அந்தக் கக்கூஸ் அலமாரிக் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. அதன் தாழ்ப்பாளை இரண்டு மூன்று தடவை போட்டுப் போட்டு எடுத்தான். பிறகு, "தெல்!" என்று கத்தினான். "மேஜை. ஆடுது."

"ஆடுதா? அதுக்குத்தான் ஒண்ணு வச்சிருக்கேன்" என்று தெல்மா வீட்டுக்குள் போய், கடிகாரத்துக்குப் பின்னாலிருந்த தாளை எடுத்துவந்து, லொரெய்ன் கண் முன்னாலேயே நாலாக மடித்து, எட்டாக மடித்து, மேஜைக் காலுக்கடியில் செருகினாள். லொரெய்ன் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மாத்திரை மஞ்சள் டப்பாவுல இருக்கும்மா" என்று மட்டும் சொன்னாள்.

வண்டி ஓடும்போது உள்ளே ஆள் உட்காரக் கூடாது என்பது சட்டம். அதனால் நார்மனை இறக்கிக் காரின் முன்சீட்டில் உட்காரவைப்பதற்குள் இன்னொரு ரவுண்டு கெட்டவார்த்தை ஆயிற்று. நான் பின்னால் போய் நின்றேன். இடது எரிகிறது. வலது எரிகிறது. பிரேக் எரிகிறது.

"எல்லாம் எரியுது!" என்று கத்தினேன்.

வண்டி நகர்ந்தது. யாரும் கையசைக்கவில்லை. அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, அந்தத் தெருவுக்கு அது ரத்தத்தில் ஊறியது. சந்து வாசலில் கார் திரும்பும்போது கண்ணாடி இறங்கியது. ஒரு கை வெளியே வந்தது. கோட்டுக் கையை வைத்துத்தான் தெல்மா இல்லை என்று தெரிந்தது. உடம்பை முறுக்கி இடதுகையை வெளியே நீட்டி, பதினான்கு வருடம் கடலுக்குப் போனபோது ஒருமுறைகூட அசைக்காத கையை, நார்மன் அசைத்தான். அசைத்துக்கொண்டே போனான். நானும் லொரெய்னும் இரண்டு கையையும் தூக்கி அசைத்தோம்.

பத்து மணிக்குக் காற்று மாறியது. ஆற்றுப் பக்கமிருந்து மூட்டமும் தூறலும் சேர்ந்து வந்தன. கொடியில் விரிப்பு படபடவென்று அடித்தது, ஒரு கிளிப் தெறித்து விழுந்தது. எடுத்து வைக்கலாம் என்று வெளியே வந்தேன். ஈனிட் அங்கே நின்றிருந்தாள், நனைந்துகொண்டே.

"தொடாதே ஆர்லோ."

"நனையுதே."

"நனையட்டும். திங்கக்கிழமை அவளே வந்து எடுப்பா."

அப்படிச் சொல்லிவிட்டு ஏப்ரன் பையில் கைவிட்டாள். தன் வீட்டுக் கிளிப் இரண்டை எடுத்து, பறக்கிற அந்த முனையைப் பிடித்து இழுத்து, கொடியோடு சேர்த்து அழுத்தி மாட்டினாள்.